ஆணிக் கன் இடைக்கிடை வெறும் அடி அடிக்கிறது: பிழை மகசினிலா, உள்ளேயா?

கொக்குவில் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் இரண்டு பெடியளும்தான். கதவு, யன்னல், அலுமாரி செய்வோம், இடைக்கிடை கோயில் வேலையும் வரும். அப்பா காலத்தில் சுத்தியலும் உளியும்தான். நான் நான்கு வருடமாகக் கண்ணாடிப் பட்டியும் விளிம்புப் பட்டியும் அடிக்கக் காற்றில் வேலை செய்கிற ஆணிக் கன் பாவிக்கிறேன். 18 கேஜ், எப் வகை ஆணி. 10 மில்லிமீற்றர் நீளத்தில் இருந்து 50 வரை ஏற்கும், நான் கூடுதலாகப் போடுவது எப் 30, அதாவது 30 மில்லிமீற்றர். கொம்பிரசர் 24 லீற்றர், இரண்டு குதிரைவலு.

பிரச்சினை ஐப்பசி மழையோடு தொடங்கியது. விசையை அழுத்தினால் சத்தம் சரியாக வருகிறது, கன் கையில் உதறுகிறது, ஆனால் ஆணி போகவில்லை. வெறும் அடி. ஐந்தாறு ஆணி ஒழுங்காகப் போகும், பிறகு ஒன்று வெறும். பிறகு மூன்று போகும், அடுத்த இரண்டும் வெறும். கணக்கு வழக்கே இல்லை. ஆணி வரிசை போடுகிற மகசினைத் திறந்து பார்த்தால் ஒருமுறை ஆணி வரிசை பாதியில் நிற்கிறது, இன்னொரு முறை முன்னுக்கு வந்து ஒழுங்காகத்தான் நிற்கிறது. அதனால்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வெறும் அடி என்றால் ஆணி மிச்சம் என்று விட முடியாது. ஆணியை அடிக்கிற பிளேட் மரத்தில் குத்திக் கோடு போல ஒரு பள்ளம் விழுகிறது. நீளம் இரண்டு மில்லிமீற்றர் இருக்கும், ஆழம் விரல் நகத்தை வைத்தால் பிடிக்கும். மகோகனி என்றால் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடுவேன். இப்ப கையில் இருப்பது அப்படிப்பட்ட வேலை இல்லை. இணுவிலில் ஒரு வீடு. அந்த வளவில் நின்ற பலா, வீட்டுக்கார அம்மா கலியாணம் முடித்து வந்த வருடம் நட்டதாம். பட்டுப்போகத் தொடங்கியதும் தறித்து, அறுத்து, நிழலில் ஒரு வருடத்துக்கு மேல் காய வைத்து என்னிடம் தந்திருக்கிறார்கள். சாமியறைக் கதவும் ஒரு அலுமாரியும். அளந்து அளந்து வெட்டியும் பட்டிக்கென்று மிஞ்சியது நான்கு அடித் துண்டு ஒன்றுதான். பிழைத்தால் வேறு பலா வாங்கிப் போடலாம், ஆனால் அது அந்த மரம் இல்லை. கதவில் முதல் பட்டியில் மூன்று பள்ளம் விழுந்ததும் கன்னைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வேலையில் கை வைக்கவில்லை.

இதுவரை செய்தவை: ஆணிப் பெட்டியை மாற்றினேன், மாற்றம் இல்லை. காற்றின் அழுத்தத்தை 80 இல் இருந்து 110 பி.எஸ்.ஐ ஆக்கினேன், ஒரு நாள் பரவாயில்லை. கறள் இளக்கும் ஸ்பிறேயை மகசினுக்குள்ளும் காற்று வாயிலும் அடித்தேன். அன்று முழுக்கத் திறமாக வேலை செய்தது, நாலாம் நாள் முன்னையை விட மோசம். மகசினை முழுக்க மாற்றச் சொல்கிறார் ஒருவர். கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும். அதற்கு முன் விசயம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். தையில் வீடு குடிபுகுகிறார்கள்.


தென்மராட்சித் தளபாடம் எழுதியது:

அண்ணை, எங்களுக்கும் இப்படி வந்தது. மகசினுக்குள் ஆணியைத் தள்ளுகிற ஸ்பிறிங்கைக் கழற்றி ஒரு நாலு விரல் இழுத்து விட்டுப் போடுங்கோ. தளர்ந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. எங்கள் கன் பிறகு ஓடியது.


சுன்னாகம் காற்றுக் கருவி எழுதியது:

ஸ்பிறிங்கை இழுக்க வேண்டாம் அண்ணை. இழுத்த ஸ்பிறிங் ஒரு கிழமை, இரண்டு கிழமை பலமாக நிற்கும். பிறகு முன்னிருந்ததை விடத் தளரும், சில இடத்தில் வளைந்து பக்கச் சுவரில் உரசும். தென்மராட்சித் தம்பி கோபிக்க வேண்டாம், கழற்றிப் பூட்டும்போது உங்கள் கையால் தூசு துடைபட்டதே உங்களுக்கு உதவியிருக்கும்.

நான் கொம்பிரசர், காற்றுக் கருவி திருத்துகிறவன். வெறும் அடி என்று என்னிடம் வருகிற கன்களில் பாதிக்கு மேல் மகசினில் பிழையே இராது. எல்லோரும் முதலில் மகசினைத்தான் சந்தேகிப்பார்கள், ஆணி வரவில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறபடியால்.

எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் உங்களுக்கே விளங்கும். விசையை அழுத்தியதும் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோடு பொருத்திய பிளேட் மூக்கில் நிற்கும் ஆணியை அடிக்கிறது. விசையை விட்டதும், சிலிண்டரைச் சுற்றிச் சேர்ந்து நிற்கிற காற்று பிஸ்டனுக்குக் கீழே போய் அதை மேலே ஏற்றுகிறது. பிளேட் முழுக்க மேலே ஏறினால்தான் அடுத்த ஆணி நுழைய வழி கிடைக்கும். பிஸ்டனில் இருக்கிற ஓ றிங் என்கிற றப்பர் வளையம் காய்ந்தோ ஊறியோ இருந்தால் உரசல் கூடும், பிஸ்டன் முழுக்க ஏறாமல் கொஞ்சம் குறைவாக நிற்கும். பிளேட்டின் நுனி ஆணியின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். மகசினில் ஸ்பிறிங் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆணி எங்கே போகும்? அடுத்த அடி வெறும். அந்த அடியின் அதிர்வில் பிஸ்டன் சில வேளை முழுக்க ஏறிவிடும், உடனே ஆணி வந்து நிற்கும். திறந்து பார்க்கிற நேரம் எல்லாம் சரி போல இருப்பது அதனால்தான்.

ஆகவே முதலில் இதைச் செய்யுங்கோ. பழைய பலகையில் அடித்துக்கொண்டே போங்கோ. வெறும் அடி விழுந்த அந்தக் கணமே நிறுத்தி, ஹோஸைக் கழற்றுங்கோ. கழற்றாமல் மூக்குப் பக்கம் முகத்தையோ விரலையோ கொண்டுபோகக் கூடாது. கழற்றிய பிறகு மகசினைப் பின்னுக்கு இழுத்து மூக்குக்குள் ரோச் அடித்துப் பாருங்கோ. பிளேட்டின் நுனி ஆணி வழிக்குள் இறங்கித் தெரிந்தால் பிழை மேலே: ஓ றிங், எண்ணெய், காற்று, பம்பர் றப்பர். பிளேட் மேலே ஏறி வழி வெறுமையாக இருக்க, ஆணி மட்டும் வராமல் நின்றால் பிழை மகசினில். இந்த ஒரு பார்வை இல்லாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

அந்த ஸ்பிறேயை இனித் தொட வேண்டாம். அது எண்ணெய் இல்லை, கறள் இளக்கவும் ஈரம் விரட்டவும் செய்தது. காற்று வாயில் அடித்தால் உள்ளே இருக்கிற உராய்வு எண்ணெயையும் கிறீஸையும் கழுவிக்கொண்டு போகும். மெல்லியதாகப் படிந்து நிற்கும் வரைக்கும் ஓடும், பறந்ததும் உலர்ந்த றப்பர் சிலிண்டரில் உரசும். சில றப்பர் ஊதவும் செய்யும். மகசினுக்குள் அடித்தால் அது ஒட்டும் தூசும் சேர்ந்து களி போல ஆகும். நீங்கள் சொன்ன ஒரு நாள் நல்லது, நாலாம் நாள் மோசம் என்பது அதுதான்.

110 பி.எஸ்.ஐ கூடாது. இந்த வகைக்கு 60 இல் இருந்து 100 வரைதான். அதற்கு மேலே போனால் பிஸ்டன் வந்து இடிக்கிற பம்பர் றப்பர் வெடிக்கும். அது உடைந்தால் பிளேட் கூடக் கீழே இறங்கும், பிறகு அதுவே ஒரு புதுப் பிரச்சினை.

இன்னொன்று கேட்கிறேன். கொம்பிரசர் ராங்கில் சேருகிற தண்ணீரைத் திறந்து விடுகிறீர்களா? ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, நாள் முழுக்க ஓடிய கொம்பிரசரின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்தால் பழுப்பு நிறத் தண்ணீர் பாயும். திறக்காவிட்டால் அது ஹோஸ் வழியே கன்னுக்குள் போகிறது.


கொக்குவில் பட்டறை எழுதியது:

மிக்க நன்றி தம்பி. தண்ணீர் திறந்து விடுவது கிழமைக்கு ஒருமுறை, அதுவும் ஞாபகம் வந்தால். இன்று திறந்தேன். முதலில் சீறியது, பிறகு தேத்தண்ணி நிறத்தில் அரைப் போத்தல் வரை வந்தது. பெடியனுக்குக் காட்டினேன், அவனும் பயந்துபோனான்.

பழைய மாம்பலகையில் ஒரு முழு வரிசை, நூறு ஆணி, எண்ணி எண்ணி அடித்தேன். பெடியன் கரிக்கட்டியால் சுவரில் கோடு போட்டான். எட்டு வெறும் அடி. எட்டு முறையும் ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். ஐந்து முறை பிளேட்டின் நுனி கீழே தெரிந்தது. மூன்று முறை பிளேட் மேலே, ஆணி வரிசை ஒரு நூல் பின்னுக்கு நின்றது. அப்படியென்றால் இரண்டிலும் பிழையா? மாற்ற வேண்டியது மகசினையா ஓ றிங்கையா?


ரொறன்ரோ ஊரெழுவான் எழுதியது:

தம்பி, நான் ஊரெழு. முப்பத்தைந்து வருடமாக ரொறன்ரோவில் இருக்கிறேன். மரவேலை எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் பிரச்சினையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே பாதுகாப்பு வகுப்பு முடித்து அனுமதிப்பத்திரம் எடுத்து, ஒரு கிளப்பில் கடதாசி இலக்குச் சுடுகிறேன். என்னிடம் இருப்பது பொயின்ற் 22 ரவை போடுகிற அரைத் தானியங்கிக் கார்பைன் என்கிற கட்டைத் துவக்கு, பத்து ரவை பிடிக்கும் சுழல் மகசின். போன கோடையில் எனக்கும் இதே வருத்தம். மூன்று நாலு சுட்டதும் அடுத்த ரவை அறைக்குள் போகாது. அல்லது ரவையை அறைக்குள் தள்ளுகிற போல்ற் வெறும் அறையில் மூடும், விசையை அழுத்தினால் ‘கிளிக்’.

நானும் மகசின் என்றே முடிவு கட்டினேன். கிளப்பில் ஒரு வயதான மனிதர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மகசின் வைத்திருக்கிறாய்?” இரண்டு. “இரண்டிலும் நிறப் பென்சிலால் இலக்கம் போடு. எது எப்போது சிக்குகிறது என்று எழுது.” எழுதினேன். இரண்டாவது மகசின் போட்டால் மட்டும் ரவையின் மூக்கு அறையின் கீழ் விளிம்பில் குத்தி நின்றது. அது மகசினின் பிழை. ஆனால் ரவையே எடுக்காமல் போல்ற் மூடுவது இரண்டு மகசினிலும் நடந்தது. இரண்டிலும் நடந்தால் அது மகசினில் இருக்க முடியாதே.

பொயின்ற் 22 ரவைக்கு மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். அந்த மெழுகும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்து இரண்டாவது மகசினின் சுழலும் துண்டைப் பிடித்து வைத்திருந்தது. கழற்றித் துடைத்து, எண்ணெய் போடாமல் உலர்வாகவே பூட்டினேன். அந்தப் பாதி சரி. மற்றப் பாதிக்குக் காரணம் ரவை. சத்தம் குறைந்த ரவை மலிவாக வந்ததென்று ஒரு பெட்டி வாங்கியிருந்தேன். இந்த வகைக் கார்பைனில் வெற்றுக் கோது பின்னுக்குத் தள்ளுகிற வேகத்தில்தான் போல்ற் பின்னுக்குப் போகிறது. பலம் குறைந்த ரவை போல்ற்றை முழுத் தூரம் தள்ளவில்லை. கோதை வெளியே எறிகிற அளவுக்குப் போகும், அடுத்த ரவையின் பின்புறத்தைத் தாண்டுகிற அளவுக்குப் போகாது. திரும்பி வரும்போது பிடிக்க ஒன்றும் இல்லை. உங்கள் பிளேட் முழுக்க மேலே ஏறாமல் நிற்பதும் என் போல்ற் முழுக்கப் பின்னுக்குப் போகாமல் திரும்புவதும் ஒன்றுதான். சுன்னாகம் தம்பி எழுதியதை வாசித்தபோது எனக்கு அந்த மனிதர் கதைத்தது போலவே இருந்தது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஓம், இரண்டிலும் பிழை இருக்கலாம். எனக்கும் இரண்டு இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். ஒன்றைச் செய்து, நூறு அடித்து, எண்ணி, எழுதி, பிறகு மற்றது.

இன்னொன்றையும் பாருங்கள், மகசினைப் பூட்டுகிற கொளுக்கி. அமெரிக்க இராணுவம் 1941 இல் ஏற்ற எம்1 கார்பைனுக்கு முதலில் 15 ரவை மகசின்தான். பிறகு 30 ரவை மகசின் வந்தது. ரவை நிறைந்ததும் அதன் பாரத்தைப் பழைய கொளுக்கி வடிவாகத் தாங்கவில்லை. மகசின் கொஞ்சம் தொங்கினாலே போதும், ரவை வருகிற உயரம் பிழைக்கும். மூன்றாவதாக ஒரு பிடிப்பு வைத்த கொளுக்கி செய்துதான் அதைத் தீர்த்தார்கள். மகசினில் ஒரு குறையும் இல்லை, அது நின்ற இடம்தான் பிழை. உங்கள் கன்னை யாராவது கீழே போட்டதுண்டா?


கொக்குவில் பட்டறை எழுதியது:

அண்ணை, நீங்கள் கடைசியில் கேட்டதை வாசித்துவிட்டுப் பெடியளைக் கேட்டேன். இளையவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, புரட்டாசியில் ஏணியில் இருந்து ஒருமுறை விழுந்தது, சொல்லப் பயமாக இருந்தது என்றான். ஏசவில்லை. அவன் சொன்னதே பெரிய உதவி. மகசினின் முன் முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆடுகிறது. ஒரு அரை மில்லிமீற்றர்.


சுன்னாகம் காற்றுக் கருவி எழுதியது:

ரொறன்ரோ ஐயா சொன்ன ஒழுங்கு சரி. துவக்கு விசயம் எனக்குத் தெரியாது, ஆனால் கொளுக்கி விசயம் அப்படியே பொருந்தும்.

அண்ணை, ஆணி பின்னுக்கு நின்ற அந்த மூன்று வெறும் அடிக்கான வேலையை முதலில் செய்யுங்கோ, காசு செலவில்லை. ஆணியை எடுத்துவிட்டு மகசினைப் பின்னுக்கு முழுக்க இழுங்கோ. ஆணி ஓடுகிற தண்டவாளத்தைப் பழைய பல்லுத் தூரிகையால் உலர்வாகத் தேயுங்கோ. ஆணிகளை வரிசையாக ஒட்டியிருக்கிற பசை உதிர்ந்து தண்டவாளத்தின் மூலையில் மஞ்சளாகக் கட்டிபட்டிருக்கும். அதற்குக் கொஞ்சம் தின்னர் துணியில் நனைத்துத் துடைத்தால் கரையும். தின்னரை ஊற்ற வேண்டாம், றப்பருக்குப் போனால் கேடு. துடைத்த பிறகு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் இருந்தால் மரத்தூள் பிடிக்கும், உங்கள் பலாவிலும் கறை விழும், பொலிஷ் அந்த இடத்தில் ஏறாது.

பிறகு ஆணியைத் தள்ளுகிற புஷரை விரலால் பின்னுக்கு இழுத்து மெதுவாக விடுங்கோ. எங்கேயாவது தயங்கி நின்றால் அந்த இடத்தில் சுவர் உள்ளே நெளிந்திருக்கிறது. விழுந்த கன் என்கிறீர்கள், அதனால் கட்டாயம் பாருங்கோ. குறட்டால் நெளிவெடுக்க வேண்டாம், உள்ளே ஒரு கட்டையை வைத்துத் தட்டுங்கோ.

முன்பக்கத்தில் மூக்குத் தகட்டைப் பிடித்திருக்கும் அலன் கீ திருகாணிகளை இறுக்குங்கோ. அது தளர்ந்தால் ஆணி வழி அகலும், ஒரு ஆணியின் இடத்தில் ஒன்றரை ஆணி நுழையப் பார்க்கும், சிக்கும். எப் வகை ஆணியின் உடம்பு 1.25 க்கு 1 மில்லிமீற்றர்தான். அரை மில்லிமீற்றர் ஆட்டம் என்பது அதற்கு வாசலைத் திறந்து வைத்தது போல.

இவ்வளவும் செய்து நூறு அடித்துவிட்டுச் சொல்லுங்கோ. ஓ றிங் பிறகு பார்ப்போம்.


முனைக் கடற்கரை எழுதியது:

பருத்தித்துறையில் இருந்து. எங்களுக்குக் கடல் காற்று. ஆணிப் பெட்டியைத் திறந்து வைத்தால் ஒரு மாதத்தில் வரிசையின் விளிம்பில் செம்மஞ்சள் நிறக் கறள் பூக்கும். கறள் பூத்த வரிசை தண்டவாளத்தில் வழுக்காது, அரம் போல உரசும். நான் பிஸ்கற் ரின்னில் போட்டு மூடி, சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பைகளையும் உள்ளே போடுகிறேன். மகசினில் இரவில் ஆணி விடுவதில்லை. உடைந்த குட்டி வரிசைகளை ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்துப் போடுவதும் இல்லை, சந்துகளில் சாயும். அவற்றைச் சுத்தியலால் அடிக்க வைத்துக்கொள்வேன்.


கொக்குவில் பட்டறை எழுதியது:

நேற்றும் இன்றும் செய்ததை எழுதுகிறேன், நீளம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

தண்டவாளத்தில் நீங்கள் சொன்ன மஞ்சள் கட்டி இருந்தது. மூலையில் இருந்து உளியின் நுனியால் மெல்லத் தட்ட, புளியங்கொட்டைத் தோல் போலக் கழன்று வந்தது. ஸ்பிறே பட்ட இடம் முழுக்கக் கறுப்புக் களி. தின்னர்த் துணி மூன்று போனது. புஷரை விட்டுப் பார்த்தேன், முனையில் இருந்து இரண்டு விரல் தூரத்தில் தயங்கி நின்றது. வெளியே தடவினால் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தபோதுதான் சின்ன நெளிவு தெரிந்தது. வேப்பங்கட்டையில் ஒரு ஆப்பு இழைத்து உள்ளே வைத்து, மரச்சுத்தியலால் நாலு தட்டு. புஷர் இப்ப முனை வரை ஓடி ‘டிக்’ என்று நிற்கிறது. முன் திருகாணிகள் மூன்றில் இரண்டு தளர்ந்திருந்தன, இறுக்கினேன். ஆட்டம் இல்லை.

காற்றை 80 க்கு இறக்கி, அதே மாம்பலகையில் நூறு அடித்தேன். ஐந்து வெறும். ஐந்திலும் பிளேட் கீழே. ஆணி பின்னுக்கு நின்றது ஒருமுறைகூட இல்லை. ரொறன்ரோ அண்ணை சொன்னது போல எழுதிவைத்திராவிட்டால், எட்டு ஐந்தாகத்தானே குறைந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பேன். உண்மையில் ஒரு வருத்தம் முழுக்கப் போய்விட்டது, மற்றது அப்படியே இருக்கிறது.

இனி ஓ றிங். எப்படிக் கழற்றுவது?


சுன்னாகம் காற்றுக் கருவி எழுதியது:

நல்ல வேலை அண்ணை. ஹோஸ் கழன்றிருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்துவிட்டு, மேல் மூடியின் நான்கு அலன் திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இளக்குங்கோ. மூடிக்குக் கீழே ஒரு ஸ்பிறிங் இருந்தால் துள்ளும், கையால் அமத்திக்கொள்ளுங்கோ. ஒவ்வொரு துண்டையும் கழற்றிய ஒழுங்கில் வெள்ளைத் துணியில் வரிசையாக வையுங்கோ, கைபேசியில் படமும் எடுங்கோ. பிளேட்டைக் கீழிருந்து ஒரு தடியால் தள்ள, பிஸ்டன் மேலே வரும்.

பழைய ஓ றிங்கை அளந்து புதிது வாங்க வேண்டாம். ஸ்பிறே பட்டு ஊதியிருந்தால் அளவு பிழைக்கும். சிலிண்டரின் உள் விட்டத்தையும் பிஸ்டனில் இருக்கிற பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் வேணியரால் அளந்து கொண்டு போங்கோ. முடிந்தால் பிஸ்டனையே கொண்டு போங்கோ, கடையில் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் சுவரை விரலால் தடவுங்கோ. கறள் புள்ளி இருந்தால் எண்ணெய் போட்ட மிக நுணுக்கமான மண்கடதாசியால் வட்டமாகத் தேய்த்துத் துடையுங்கோ. மேலும் கீழுமாகத் தேய்த்தால் கோடு விழுந்து காற்று ஒழுகும்.

புதிதைப் போடும்போது சிலிக்கன் கிறீஸ் விரல் நுனியில் எடுத்து மெல்லியதாகப் பூசுங்கோ. பம்பர் றப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கோ. பூட்டிய பிறகு காற்று வாயில் காற்றுக் கருவி எண்ணெய் இரண்டு துளி. இனி ஒவ்வொரு நாள் காலையும் இரண்டு துளி. முதல் இருபது அடியைப் பழைய பலகையில் அடியுங்கோ, கூடின எண்ணெய் வெளியே வந்துவிடும். வாகனத்துக்கு ஊற்றுகிற எஞ்சின் ஒயில் வேண்டாம்.


ரொறன்ரோ ஊரெழுவான் எழுதியது:

அந்த இளைய பெடியனை ஏசாமல் விட்டது நல்லது தம்பி. எண்ணிக்கையை அவனையே எழுத விடுங்கள்.


கொக்குவில் பட்டறை எழுதியது:

மூன்று நாள் எடுத்தது, மின்சாரம் இல்லாமல் ஒரு நாள் போனது. ஓ றிங் வெளியே வந்தபோது பிஸ்டனில் தளர்வாகத் தொங்கியது. மேசையில் வைத்து, புதிதை அதற்குள் வைத்தேன். சுற்றிவர ஒரு நூல் இடைவெளி. அவ்வளவு ஊதியிருந்தது. பம்பர் றப்பரில் மயிர் போல ஒரு வெடிப்பு, 110 இன் வேலை என்று நினைக்கிறேன். அதையும் மாற்றினேன். கூடியே மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அது என் அவசரம்.

நூறில் ஒன்றும் வெறும் இல்லை. இளையவன் நம்பவில்லை, இன்னொரு வரிசை போட்டான். அதிலும் இல்லை. மூன்றாவது வரிசையில் கடைசி நாலு ஆணி இருக்கும்போது ஒரு வெறும் அடி. பிளேட் மேலே, ஆணி பின்னுக்கு. நான்கு வருடம் அடித்த ஸ்பிறிங், முனைக்கு வரும்போது பலம் குறைகிறது போல. புது ஸ்பிறிங்குக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பத்து ஆணி மிச்சம் இருக்கும்போதே அடுத்த வரிசையைப் பின்னால் போடுகிறோம். பருத்தித்துறைக்காரர் சொன்னது உடைந்த குட்டி வரிசைக்கு. முழு வரிசை பின்னால் நேராக நின்றால் சாயவில்லை.

பலாவில் இன்று காலை தொடங்கினேன். முதல் பட்டியை மற்றப் பக்கம் திருப்பி வைத்தேன், அந்த மூன்று பள்ளமும் கண்ணாடிப் பக்கம் மறைவில் போய்விட்டது. ஒவ்வொரு பட்டிக்கும் முன்னால் பக்கத்துப் பலகையில் இரண்டு அடி, பிறகு கதவில். இந்த ஆணியின் நுனி உளி போல ஒரு பக்கம் சரிந்தது. வைரம் பாய்ந்த இடத்தில் வளைந்து பக்கத்தால் வெளியே வரும். அதனால் பட்டியைப் பிடிக்கிற கையை ஒரு சாணுக்கு அப்பால் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாற்பத்திரண்டு ஆணி போனது. மரத்தில் நாற்பத்திரண்டு புள்ளி, வேறு ஒன்றும் இல்லை. அறுத்த நேரம் பளிச்சென்ற மஞ்சளாக இருந்த மரம் இப்பவே தேன் நிறத்துக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கார அம்மா பின்னேரம் வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனா.


தென்மராட்சித் தளபாடம் எழுதியது:

அண்ணை, என் கன்னையும் நேற்றுத் திறந்து பார்த்தேன். நான் இழுத்த ஸ்பிறிங் நடுவில் வளைந்து சுவரில் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. சுன்னாகம் அண்ணை, உங்களிடம் கொண்டு வந்தால் பார்ப்பீர்களா? ஓ றிங் எங்கே எடுத்தீர்கள்?


கொக்குவில் பட்டறை எழுதியது:

யாழ் நகரத்தில், நீர்ப்பம்பிச் சாமான் விற்கிற கடையில். பிஸ்டனைக் கொண்டு போனேன், ஒரு தட்டு நிறையக் கொட்டி விட்டார்கள், மூன்றாவது பொருந்தியது. கறுப்பு நைற்றைல் றப்பர் என்று கேளுங்கோ. இரண்டாக வாங்குங்கோ, ஒன்றைப் பேணிக்குள் போட்டு வையுங்கோ.


சுன்னாகம் காற்றுக் கருவி எழுதியது:

கொண்டு வாங்கோ தம்பி, ஞாயிறு தவிர எந்த நாளும் நிற்பேன். மகசினில் ஆணி இல்லாமல் கொண்டு வாங்கோ.